அப்பா பேர்ல வண்டி, எங்கிட்ட லைசென்ஸ் இல்ல: எங்கேருந்து ஆரம்பிக்கணும்?

முக்கூடல்காரி

நம்ம பக்கத்து அண்ணாச்சிமார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம்.

அப்பா ஓட்டிட்டிருந்த ஸ்கூட்டர் ஒண்ணு வீட்டுல நிக்கி. டி.என். 72 (திருநெல்வேலி) நம்பர், 2011-ல எடுத்தது. அப்பா போன வருஷம் தவறிட்டாவ. ஆர்.சி. புக்கு இன்னும் அவங்க பேர்லதான் இருக்கு. இன்சூரன்ஸ் முடியுத நேரத்துல ஏஜெண்டு வந்து, அப்பா பேர்லயே பணத்தைக் கட்டி, பேப்பரை அம்மா கையில கொடுத்துட்டுப் போயிட்டாவ. அம்மா பீடி சுத்துதாவ, அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது.

இப்ப எனக்குப் பாளையங்கோட்டையில வேலை கெடச்சிருக்கு. பஸ்ஸை நம்பிப் போனா வீட்டுக்கு வர ராத்திரி ஆயிருது. வண்டி ஓட்டத் தெரியும், ஆனா லைசென்ஸ் எடுக்கல. தம்பி பன்னெண்டாப்பு படிக்கான். அவன் அப்பப்ப சாவியை எடுத்துட்டுப் போயிருதான்.

ஊர்ல ஒரு புரோக்கர்ட்ட கேட்டேன். "ஃபாரம் 29, 30 ரெண்டுலயும் அப்பா கையெழுத்தைப் பாத்து நீங்களே போட்டுருங்க, அவங்க இறந்ததைச் சொல்லவே வேண்டாம், மிச்சத்தை நான் பாத்துக்கிடுதேன்"னாரு. மனசு ஒப்பல. நேர் வழி என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வள்ளியூர் லோடு

தங்கச்சி, அந்தப் புரோக்கர் பக்கமே போவாத. 29-ம் 30-ம் உயிரோட இருக்கவங்க வண்டியை விக்கும்போது போடுத ஃபாரம். இறந்தவங்க கையெழுத்தை நீ போட்டா அது கள்ளக் கையெழுத்து. இறப்புச் சான்றிதழ்ல ஒரு தேதி இருக்கும், ஃபாரத்துல அதுக்குப் பிந்துன தேதி இருக்கும். நாளைக்கு ஒரு கேஸுன்னு வந்தா வக்கீல் மொதல்ல எடுக்கது இந்த ரெண்டு பேப்பரையுந்தான். மாட்டுறது நீ, புரோக்கர் இல்ல.

வாரிசுக்குன்னே தனி ஃபாரம் இருக்கு, நம்பர் 31. சட்டப்படி, வண்டிக்காரர் இறந்த 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ. ஆபீஸுக்குத் தகவல் கொடுத்து, வண்டியை நாங்க வச்சிக்கிடப் போறோம்னு சொல்லணும். அப்படிச் சொன்னா மூணு மாசம் வரைக்கும் அவங்க பேர்லயே ஓட்டிக்கிடலாம், அந்த மூணு மாசத்துக்குள்ள 31-ஐக் கொடுத்துரணும். உங்களுக்கு அந்தக் காலம் தாண்டிட்டு. அதுக்காகக் கதவை அடைச்சிர மாட்டாவ, தாமதத்துக்கு உள்ளதைக் கட்டச் சொல்லுவாவ, அவ்வளவுதான். ஆனா பேர் மாறுத வரைக்கும் வண்டியை ரோட்டுக்கு எடுக்காதீங்க. தம்பி கையில உள்ள சாவியை இன்னைக்கே வாங்கி வையி.

என்னென்ன வேணும்னா: அசல் ஆர்.சி., இறப்புச் சான்றிதழ், தாசில்தார் கொடுக்குத வாரிசு சான்றிதழ், நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, உன் ஆதார். வாரிசு சான்றிதழ்ல உன் பேர், அம்மா பேர், தம்பி பேர் மூணும் வரும். உன் பேருக்கு மாத்த மத்தவங்க சம்மதம்னு எழுதிக் கொடுக்கணும். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துலயே மனுப் போடலாம். உன் வேலையில ரொம்ப இழுக்கப் போறது அது ஒண்ணுதான், அதனால அதை மொதல்ல தொடங்கு. தொடங்கிட்டு லைசென்ஸ் வேலையைப் பாரு. ரெண்டும் ஒண்ணா ஓடட்டும்.

மேலப்பாளையம் ஸ்பேனர்

2011 வண்டின்னா இன்னொண்ணும் கவனிங்க. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருஷத்துக்குத்தான். ஆர்.சி.யில "செல்லுபடி" தேதி போட்டிருக்கும், அதைப் பாருங்க. அந்தத் தேதி முடிஞ்சா பிரேக் இன்ஸ்பெக்டர்ட்ட வண்டியைக் காட்டி எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதின்னு சான்று) எடுக்கணும். அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா நீட்டிக் கொடுப்பாவ. பசுமை வரியும் உண்டு. பேர் மாத்தாம எஃப்.சி.க்குப் போனா ரெண்டும் சிக்கிக்கிடும், அதனால பேர் மாத்தம்தான் முன்னால.

காட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பட்டறையில விடுங்க. ரொம்ப நாள் நின்ன வண்டியில பின் பிரேக் ஷூ டிரம்மோட ஒட்டிக்கிடும், டயர் பக்கவாட்டுல பொடிப்பொடியா வெடிச்சிருக்கும். மேல பாத்தா டயர் பட்டன் நல்லாத்தான் இருக்கும். கட்டைவிரலை வச்சு டயர் ஓரத்தை அமுக்கிப் பாருங்க, வெடிப்பு வாயைத் திறக்கும். அப்படித் திறந்தா டயரை மாத்தாம ஏறாதீங்க. நீங்க போற ரோட்டுல வேகம் ஜாஸ்தி.

பாளை டீச்சர்

முக்கூடல் பொண்ணே, உன் தம்பி விஷயத்தை எல்லாரும் ஒரு வரியில கடந்துட்டாவ. எனக்கு அதான் பெரிசாத் தெரியுது. பள்ளிக்கூடத்துல ரொம்ப காலம் வேலை பாத்தவ நான், அந்த உரிமையில சொல்லுதேன்.

18 முடியாம அவன் அந்த ஸ்கூட்டரைத் தொடக்கூடாது. 16 வயசுல லைசென்ஸ் எடுக்கலாமேன்னு சிலர் சொல்லுவாங்க. அது 50 சி.சி.க்கு உள்ள இருக்க கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். இன்னைக்கு ரோட்டுல ஓடுத ஸ்கூட்டர் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேல. ஆகப் பன்னெண்டாப்புப் பையன் ஓட்டக்கூடிய பெட்ரோல் வண்டின்னு நடைமுறையில ஒண்ணும் இல்லைன்னே வச்சுக்கோ. மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல போகாத, 250 வாட்டுக்கு உட்பட்ட சின்ன பேட்டரி வண்டிக்கு மட்டும் பதிவும் லைசென்ஸும் வேண்டாம்.

2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தும்போது 199-ஏ ன்னு ஒரு பிரிவைச் சேத்தாங்க. வயசு வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குத்தம் நடந்தா, குத்தவாளியா நிக்கிறது பெத்தவங்களோ வண்டிக்குச் சொந்தக்காரங்களோதான். 25,000 ரூபா அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில். வண்டிப் பதிவை 12 மாசத்துக்கு ரத்து பண்ணிருவாங்க. அந்தப் பையனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. போலீஸுக்கோ மிலிட்டரிக்கோ கம்பெனி வேலைக்கோ போவணும்னு நெனைக்கிற பையன், கல்லூரி முடிச்சு வேலை தேடுத வயசு பூரா லைசென்ஸ் இல்லாம நிப்பான். உங்க வீட்டுல இப்ப அந்த இடத்துல இருக்கது உங்க அம்மா. பீடி சுத்திப் பிள்ளைகளை வளக்கிற பொம்பளை கோர்ட்டு வாசல்ல நிக்கணுமா? இதை அப்படியே தம்பிகிட்ட வாசிச்சுக் காட்டு. பையன்கள் கெட்டவனுங்க இல்ல, யாரும் அவனுங்ககிட்ட இதை உக்காந்து சொல்றதில்ல.

வள்ளியூர் லோடு

டீச்சர் சொன்னது நூத்துக்கு நூறு.

கடையநல்லூர்–ஜித்தா

குறுக்க ஒரு சந்தேகம். நான் சவூதியில இருக்கேன். என் ஊர் லைசென்ஸ் தேதி முடிஞ்சு ஒண்ணரை வருஷம் ஆச்சு. லீவுக்கு வரும்போது புதுப்பிச்சிரலாம்ல? முந்தி 30 நாள் சலுகை உண்டும்பாங்களே?

வள்ளியூர் லோடு

அந்த 30 நாள் சலுகையை 2019 திருத்தத்துலயே எடுத்துட்டாவ அண்ணாச்சி. இப்ப முடியுத தேதிக்கு ஒரு வருஷம் முன்னாடியே புதுப்பிக்கலாம், முடிஞ்ச பெறவும் ஒரு வருஷம் வரைக்கும் டெஸ்ட் இல்லாமப் புதுப்பிக்கலாம். ஒரு வருஷம் தாண்டிட்டா திரும்ப ஓட்டிக் காட்டணும். உங்களுக்குத் தாண்டிட்டு. லீவு நாளைப் போடும்போதே அதுக்குத் தோதா கூடக் கொஞ்ச நாள் சேத்துப் போடுங்க. 40 வயசு தாண்டியிருந்தா டாக்டர்ட்ட 1-ஏ ஃபாரத்துல சர்டிபிகேட்டும் வேணும்.

புதுப்பிக்காம இருக்கதை நம்பி ஊர்ல வந்து மச்சான் காரை எடுத்துராதீங்க. லீவுக்கு வந்தவங்கதான் ராத்திரி ஏர்போட்டுக்கு ஆள் விடப் போறேன்னு அடுத்தவங்க வண்டியை எடுக்கது.

முக்கூடல்காரி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தம்பிகிட்ட வாசிச்சுக் காட்டிட்டேன் டீச்சர், சாவி இப்ப எங்கிட்ட இருக்கு.

இன்சூரன்ஸ் பத்திதான் யாரும் சொல்லல. அப்பா பேர்ல கட்டியிருக்கே, அது செல்லுமா செல்லாதா?

மூணடைப்பு

நான் சொல்லுதேன். எங்க வீட்டுல பட்டு அறிஞ்சது.

பொதுவா வண்டிச் சொந்தக்காரர் இறந்தா, அவர் எடுத்து வச்ச பாலிசி மூணு மாசம் வரைக்குமோ அதோட தேதி முடியுத வரைக்குமோ, எது முந்தியோ அதுவரைக்கும் வாரிசுக்கு நிக்கும். அதுக்குள்ள மாத்திக்கிடணும். உங்க விஷயத்துல அவங்க தவறின பெறவு அவங்க பேர்லயே புதுசாக் கட்டியிருக்கு. இல்லாத ஆளோட போட்ட ஒப்பந்தம்னு கம்பெனி கேள்வி கேக்கும். அதனால இறப்புச் சான்றிதழோட இப்பவே அந்தக் கம்பெனி கிளைக்குப் போய் எழுத்துல கொடுங்க. ஏஜெண்டு வாய்வார்த்தையா "பாத்துக்கிடலாம்"னு சொன்னா ஏத்துக்காதீங்க. ஆர்.சி. பேர் மாறுன உடனே பாலிசியும் உங்க பேருக்கு வரணும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்லுதேன்னா, அந்தப் பாலிசியில "ஓனர் டிரைவர்" விபத்துக் காப்புன்னு ஒண்ணு உண்டு. 2018-ல அதை 15 லட்சமா ஏத்துனாங்க. அது பதிவுப் புக்குல பேர் உள்ள ஆள், லைசென்ஸோட, தானே ஓட்டும்போது அடிபட்டாத்தான் கெடைக்கும். புக்குல உங்க பேர் இல்லன்னா நீங்க ஓனர் இல்ல. லைசென்ஸ் இல்லன்னா நீங்க டிரைவரும் இல்ல. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க அம்மாவுக்கு அதுலேருந்து ஒரு ரூபா வராது.

எதிர்ல வந்தவருக்கு அடிபட்டா? அவருக்குக் கம்பெனி கொடுக்கும்படி கோர்ட்டு சொல்லும். ஓட்டினவருக்கு லைசென்ஸ் இல்லைன்னா, கொடுத்த பணத்தை வண்டிக்காரர்கிட்டயிருந்து வசூல் பண்ணிக்கோன்னும் அதே தீர்ப்புல எழுதும். லட்சக்கணக்குல வரும். வீட்டுப் பத்திரம் வரைக்கும் போவும்.

இப்ப எங்க வீட்டுக் கதை. எங்க சித்தப்பா நாலு வழிச்சாலையில சைக்கிளைத் தள்ளிட்டுக் குறுக்க வரும்போது ஒரு பைக்கு அடிச்சுட்டு நிக்காம நாங்குநேரிப் பக்கம் போயிட்டு. டீக்கடையில நாலஞ்சு பேர் பாத்தாவ. ஒருத்தர் கூட நம்பர் சொல்ல முடியல. பின் பலகையை மடக்கி மேல பாக்குத மாதிரி திருப்பி வச்சிருந்தானாம். எழுத்து வேற வளைஞ்சு வளைஞ்சு பாம்பு மாதிரி இருந்துச்சாம். ஒருத்தர் "கடைசி ரெண்டும் எட்டு"ன்னாரு, இன்னொருத்தர் "இல்ல, பூஜ்யம்"னாரு. போலீஸ்காரங்க அந்த நம்பரை வச்சு எத்தனையோ வண்டியைத் தேடினாங்க. கெடைக்கல. சித்தப்பா இடுப்பு எலும்பு முறிஞ்சு இன்னும் குச்சியை ஊனித்தான் நடக்காவ.

அடிச்சிட்டு ஓடுன வண்டி தெரியலன்னா அரசுத் திட்டம் ஒண்ணு இருக்கு, 2022 ஏப்ரல் 1-லேருந்து இறப்புக்கு 2 லட்சம், கடுங்காயத்துக்கு 50,000. அந்த 50,000-க்குத்தான் எழுதிப் போட்டோம். வண்டி தெரிஞ்சிருந்தா வழக்கு வேற. அவங்க சம்பாத்தியம், வைத்தியச் செலவு, வயசு எல்லாத்தையும் கணக்குப் பண்ணித் தீர்ப்பாயம் கொடுத்திருக்கும். ஒரு பயலோட பலகை ஆசைக்கு எங்க சித்தப்பா கொடுத்த விலை இது. நம்பர் பலகையை ஸ்டைலுன்னு நெனைக்கிற ஒவ்வொரு தம்பியும் இதைப் படிக்கணும்.

மேலப்பாளையம் ஸ்பேனர்

மூணடைப்பு அண்ணாச்சி, படிச்சிட்டு மனசு கனத்துப் போச்சு.

பலகைக்கு விதி தெளிவா இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 50, 51. பைக்குக்கு முன் பலகை எழுத்து 30 மில்லிமீட்டர் உயரம், பின்னால எழுத்து 35, எண் 40, கோட்டுத் தடிமன் 7, இடைவெளி 5. காருக்கு உயரம் 65, தடிமன் 10, இடைவெளி 10. இந்த அளவெல்லாம் அழகுக்கு வச்சது இல்ல, தூரத்துலயிருந்து ஓடுத வண்டியைப் படிக்கத்தான். ஆங்கில எழுத்து, நாம சாதாரணமா எழுதுத 1, 2, 3 எண். படம், பட்டம், தலைவர் முகம், வளைச்ச எழுத்து எதுக்கும் இடம் இல்ல. தமிழ்ல எழுதணும்னு ஆசைப்படுதவங்க நெறைய பேர் எங்கிட்ட வாராங்க. எனக்கும் தமிழ்ப் பற்று உண்டு. ஆனா பதிவுப் பலகை அதுக்கான இடம் இல்லைன்னு சொல்லித்தான் அனுப்புதேன்.

2019 ஏப்ரல் 1-க்குப் பெறவு வந்த வண்டி எல்லாத்துக்கும் உயர் பாதுகாப்புப் பலகை கம்பெனியிலயே வருது. இடது மேல் மூலையில அசோகச் சக்கர ஹோலோகிராம், 20-க்கு 20 மில்லிமீட்டர். அதுக்குக் கீழ லேசர்ல பொறிச்ச பத்து இலக்க எண். ஒவ்வொரு பலகைக்கும் அந்த எண் வேற வேற. பின்னால உள்ள பலகையைக் கழட்டினா திரும்பப் பூட்ட முடியாத ஆணி போட்டிருக்கும், உடைச்சாத்தான் வரும். திருட்டு வண்டிக்கு வேற பலகை மாட்டுறதைத் தடுக்கத்தான் இவ்வளவும். கார் வாங்கினவங்க முன் கண்ணாடியில ஒட்டியிருக்க ஸ்டிக்கரைப் பிய்க்காதீங்க. அதுதான் மூணாவது பலகை. பெட்ரோலுக்கு இளநீலம், டீசலுக்கு ஆரஞ்சு.

புது வண்டியை எடுத்த வாரமே அந்த ஆணியை உடைச்சு ஃபேன்சி பலகை மாட்டச் சொல்லி என் பட்டறைக்குப் பசங்க வாரானுங்க. நான் மாட்ட மாட்டேன். வாடிக்கை போனாலும் போட்டும். அபராதம் முதல் தடவை 500, மறுபடி மாட்டினா 1,500. அபராதத்துக்காக நான் மறுக்கல. மூணடைப்பு அண்ணாச்சி எழுதினதுதான் காரணம்.

பாளை டீச்சர்

ஸ்பேனர் தம்பி, நீங்க மாட்ட மாட்டேன்னு சொன்னதுக்கு ஒரு கும்பிடு.

பலகை விஷயத்துல நம்ம ஜில்லாவுக்குன்னு ஒரு நோவு இருக்கு, அதையும் சொல்லிருதேன். நம்பருக்கு மேலயும் கீழயும் சாதிப் பேரு, சாதிக் கொடி நிறத்துல பட்டை. பள்ளிக்கூட வாசல்ல பிள்ளையை இறக்கி விட வாற வண்டியிலயும் அது இருக்கு. எட்டாப்புப் பிள்ளை கூட வண்டி நிறத்தைப் பாத்தே யாரு எந்தத் தெருன்னு சொல்லிரும். 2023 ஆகஸ்டுல நாங்குநேரியில ஒரு பள்ளிப் பையனைக் கூடப் படிச்சவனுங்களே சாதி வெறியில வெட்டினதுக்குப் பெறவு அரசு நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டுது. 2024 ஜூன்ல அந்த அறிக்கை வந்துது. பிள்ளைங்க கையில சாதிக் கயிறு கூடாதுன்னு சொன்ன அதே அறிக்கை, சாதி அடையாளம் பூசுன சைக்கிள்ல பள்ளிக்கு வரக்கூடாதுன்னும் சொல்லுது. பிள்ளைங்க சைக்கிளுக்கே அப்படின்னா, அப்பன்மார் பைக்கை என்ன சொல்ல? பிள்ளைக்குப் பாடம் எடுக்கிறதுக்கு முன்னாடி நம்ம வீட்டு வண்டிப் பலகையைச் சுரண்டிச் சுத்தம் பண்ணுவோம். ஒரு பிளேடும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் போதும்.

சென்னையில 2024 மே மாசம் போக்குவரத்து போலீஸார் "பிரஸ்", "போலீஸ்", "டாக்டர்"னு ஒட்டிக்கிட்டவங்க மேல நடவடிக்கை எடுத்தாங்க. நம்ம ஊர்ல சாதி ஸ்டிக்கருக்கு அப்படி ஒரு வேட்டை தொடர்ச்சியா வேணும். கலெக்டர்ட்ட மனுக் கொடுக்கிறவங்க யாராவது இருந்தா என் கையெழுத்தையும் சேத்துக்கிடுங்க.

செங்கோட்டை எல்லை

நல்ல பேச்சு. எங்க பக்கத்துப் பிரச்சினை வேற. புனலூர், கொல்லம்னு கே.எல். 25, கே.எல். 02 பழைய வண்டிகளை விலை சல்லிசா இருக்குன்னு வாங்கிட்டு வந்து, நம்பரை மாத்தாம ஓட்டுதாங்க. ஒரு மாநிலத்துல பண்ணின பதிவு நாடு பூரா செல்லும், அது சரிதான். ஆனா இங்க 12 மாசத்துக்கு மேல வச்சிருந்தா இந்த மாநில நம்பருக்கு மாத்தியே ஆவணும். அதுக்கு அங்க உள்ள ஆபீஸ்ல ஃபாரம் 28-ல தடையின்மைச் சான்று வாங்கி, இங்க வரி கட்டி, ஃபாரம் 27 போடணும். வாங்குறதுக்கு முன்னாடியே, வித்தவர் பேர்ல அபராதம் எதுவும் நிலுவையில இருக்கா, பைனான்ஸ் கடன் முடிஞ்சிருக்கான்னு பரிவாகன்ங்கிற அரசு வண்டிப் பதிவுத் தளத்துல பாத்துருங்க. நிலுவை இருந்தா அந்தச் சான்று வராது, புளியரை செக்போஸ்டைத் தாண்டித் தாண்டி அலைய வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுக்குள்ளன்னா நம்பர் மாத்த வேண்டாம். 2019 நவம்பர்ல தென்காசி தனி ஜில்லா ஆனப்போ "டி.என். 72-ஐ 76-ஆ மாத்தணுமா"ன்னு எங்க ஊர்ல பல பேர் பதறுனாங்க. தேவையே இல்ல. வீடு மாறியிருந்தா விலாசத்தை மட்டும் 30 நாளுக்குள்ள மாத்தணும்.

களக்காட்டு வாழை

வள்ளியூர் லோடு அண்ணாச்சி, எனக்கும் ஒரு பதில் வேணும். வாழைத்தார் ஏத்த ஒரு மினி லாரி வாங்கலாம்னு இருக்கேன். எங்கிட்ட கார் லைசென்ஸ்தான் இருக்கு. மஞ்சப் பலகை வண்டி ஓட்ட பேட்ஜ் (லைசென்ஸ்ல தனி அனுமதி) வேணும்னு ஒருத்தர், வேண்டாம்னு ஒருத்தர். அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சிருக்கேன், அதனால கனரக லைசென்ஸ் தர மாட்டாவன்னும் சொல்லுதாவ.

வள்ளியூர் லோடு

படிப்பு வேணும்னு இருந்த விதியை 2019-லயே எடுத்துட்டாவ. முந்தி எட்டாப்பு கேட்டாவ, இப்ப இல்ல. இது எங்க டிரைவர்மாருக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு வெளிய உள்ளவங்களுக்குத் தெரியாது. எட்டாப்புச் சர்டிபிகேட் இல்லாததால நல்ல கைப்பழக்கம் உள்ள ஆளுக பல வருஷம் கிளீனராவே இருந்தாங்க.

பேட்ஜ் விஷயம்: 2024 நவம்பர் 6-ந்தேதி உச்ச நீதிமன்றத்துல அஞ்சு நீதிபதிகள் அமர்வு தீர்ப்புச் சொல்லிருக்கு. இலகு ரக லைசென்ஸ் வச்சிருக்கவங்க, மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியும் ஓட்டலாம், அதுக்குன்னு தனி அனுமதி வேண்டாம்னு. இந்த ஒரு சாக்கைச் சொல்லித்தான் இன்சூரன்ஸ் கம்பெனிகள் எத்தனையோ குடும்பத்துக்குப் பணம் தராம இழுத்தடிச்சுது. நீங்க வாங்கப் போற வண்டியோட ஆர்.சி.யில மொத்த எடை எவ்வளவுன்னு பாருங்க. 7,500-க்குக் கீழன்னா உங்க லைசென்ஸ் போதும். பலகை மட்டும் மஞ்சள்ல கறுப்பு எழுத்து, பெர்மிட்டும் எஃப்.சி.யும் சரக்கு வண்டிக்கு உள்ளபடி எடுக்கணும். வெள்ளைப் பலகையில கூலி லோடு அடிக்காதீங்க, மாட்டினா ஒரு வருஷ லாபம் போயிரும்.

களக்காட்டு வாழை

மனசு லேசாச்சு அண்ணாச்சி. நல்லா இருங்க.

முக்கூடல்காரி

வாரிசு சான்றிதழுக்கு மனுப் போட்டாச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி கிளைக்கும் கடுதாசி கொடுத்து, வாங்கினதுக்கு முத்திரையும் வாங்கிட்டேன். இனி எல்.எல்.ஆர்.ங்கிற பழகுநர் லைசென்ஸ். அதுக்கு டிரைவிங் ஸ்கூல் கட்டாயம் சேரணுமா? கியர் இல்லாத வண்டி மட்டும் எடுத்தாப் போதுமா?

வள்ளியூர் லோடு

ஸ்கூல் கட்டாயம் இல்ல. சாரதிங்கிற அரசு லைசென்ஸ் தளத்துல நீயே போடலாம், இல்ல இ-சேவை மையத்துல போடலாம். கேள்விகள் தமிழ்லயே வரும், பெரும்பாலும் ரோட்டுக் குறி, யாருக்கு வழி விடணும், ஆம்புலன்ஸ் வந்தா என்ன செய்யணும் மாதிரி. எல்.எல்.ஆர். ஆறு மாசம் செல்லும். எடுத்த நாள்லேருந்து 30 நாள் கழிச்சுத்தான் டெஸ்டுக்குப் போவ முடியும். அதுவரைக்கும் வண்டியில வெள்ளையில சிவப்பு "எல்" ஒட்டணும், பின்னால லைசென்ஸ் உள்ள ஆள் சொல்லிக் கொடுக்க உக்காந்தா மட்டும் ஏத்தலாம். தோழியை ஏத்திட்டுப் போகக் கூடாது.

கியர் இல்லாததுக்கு மட்டும் எடுத்தா பைக்கு ஓட்ட முடியாது. கியர் உள்ளதுக்கு எடுத்தா ரெண்டும் ஓட்டலாம். உனக்கு 30 வயசு ஆகலன்னா லைசென்ஸ் 40 வயசு வரைக்கும் நிக்கும், அதனால கியரோட எடுத்துரு, ரெண்டாவது தடவை அலைய வேண்டாம்.

டெஸ்டுல எட்டு போடச் சொல்லுவாவ. காலை ஊனாம, கோட்டைத் தாண்டாம. எல்லாரும் சக்கரத்தைப் பாத்துட்டே ஓட்டுவாங்க, அதான் தடுமாறுது. அடுத்த வளைவு எங்கயோ அங்க பாரு, கை தானா திரும்பும். வேகத்தைப் பின் பிரேக்கால மட்டும் பிடி. டெஸ்டுக்கு உங்க அப்பா வண்டியைக் கொண்டு போவாத, பேர் மாறாத வண்டியைக் காட்ட முடியாது. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று மூணும் சரியா இருக்க வண்டியை யார்ட்டயாவது கேட்டுக்கோ.

பாளை டீச்சர்

ஹெல்மெட்டையும் சேத்துக்கோ. 2022 அக்டோபர்லேருந்து நம்ம மாநிலத்துல 1,000 ரூபா அபராதம். சட்டப்படி மூணு மாசம் லைசென்ஸையும் நிறுத்தி வைக்கலாம். பின்னால உக்காருத அம்மாவுக்கும் ஒண்ணு வாங்கு. கழுத்துப் பட்டையை மாட்டாத ஹெல்மெட் முதல் இடியிலயே கழண்டு போயிரும்.

செங்கோட்டை எல்லை

ஒரு சின்ன விஷயம், பெரிய அலைச்சல் மிச்சம். 2024 பிப்ரவரி கடைசியிலேருந்து லைசென்ஸும் ஆர்.சி.யும் ஆபீஸ்ல கையில தாறதில்ல, விரைவுத் தபால்லதான் வரும். விலாசமோ போன் நம்பரோ தப்பா இருந்தா ஆபீஸுக்கே திரும்பிப் போயிரும். உங்க அப்பா போன் நம்பர் பழைய பதிவுல இருக்கும், அதை உங்க நம்பரா மாத்துங்க. ஓ.டி.பி. எல்லாம் அதுக்குத்தான் போகும். வந்த பெறவு டிஜிலாக்கர்ல இறக்கி வச்சுக்கோங்க, சோதனையில அதைக் காட்டினாலும் செல்லும்.

மூணடைப்பு

ஆர்.சி. உங்க பேருக்கு வந்ததும் நாமினி பேரையும் பதிஞ்சிருங்க. 2021-லேருந்து அதுக்கு வசதி வந்திருக்கு. உங்க அப்பா வண்டி எடுத்த காலத்துல அது இல்ல, அதனாலதான் உங்களுக்கு இவ்வளவு அலைச்சல்.

முக்கூடல்காரி

நாமினியா அம்மா பேரைப் போடுதேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. தம்பிக்கு இன்னும் 18 முடியல. வாரிசுல அவனும் ஒருத்தன். அவன் சம்மதம்னு யாரு கையெழுத்துப் போடணும்?

வள்ளியூர் லோடு

அவனுக்குப் பதிலா காப்பாளர்ங்கிற முறையில அம்மா போடணும். அம்மா தன் பங்குக்கு ஒண்ணு, தம்பி பங்குக்கு ஒண்ணுன்னு தனித்தனியா எழுதிக் கொடுத்தா நல்லது. ஆபீஸ்ல உறுதிமொழிப் பத்திரமா கேட்டாங்கன்னா நோட்டரிகிட்ட போய் எழுதிக்கோ. போறதுக்கு முன்னாடி எந்த மாதிரி வேணும்னு கவுண்டர்ல கேட்டு, பதிலைத் தாள்ல குறிச்சு வாங்கிட்டு வா.